சனிக்கிழமை தண்ணீர் பார்ப்பது யார்?

அடுத்த மாதத்திலிருந்து இந்த உப்பளத்தின் வேலைப் பட்டியலை எழுதப்போகிற உங்கள் மூவருக்கும் இதை எழுதுகிறேன். பணி அனுபவம் சொல்வதற்குத் தலை நரைத்திருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். எனக்கு முப்பத்தொன்று. ஒரே இடத்தில் ஏழு வருடம் இருந்தேன் என்பதை என் வீட்டில் இன்னமும் நம்பவில்லை. எனக்கு முன்பு இந்த மேசையில் இருந்தவர் ஓய்வு பெற்றுப் போகும்போது அலுமாரிச் சாவியைக் கையில் தந்து, "எலி இருக்கு, கவனம்" என்று மட்டும் சொன்னார். உண்மைதான், எலி இருந்தது. ஆனால் ஏழு வருடத்தில் என்னைக் கடித்தது எலி இல்லை.

தண்ணீரின் உவர்ப்பை அளப்பது, பாத்தியை எப்போது நிரப்புவது, எப்போது உப்பை அள்ளுவது என்பதையெல்லாம் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். மிச்சத்தைப் பாத்திகளே சொல்லித்தரும். நான் சொல்லப்போவது வேறு. கிறிஸ்தவர்கள் ஓய்வுநாளைக் கட்டாயம் கைக்கொள்ள வேண்டுமா என்ற கேள்வியைப் பற்றி. சிரிக்காதீர்கள். உப்பளத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பது முதல் பட்டியலை எழுத உட்காரும்போதே உங்களுக்கு விளங்கிவிடும்.

இங்கே வேலை செய்கிறவர்களில் பாதிக்கு மேல் முஸ்லிம்கள். சிலர் புத்தளத்திலேயே தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள். சிலர் தொண்ணூறில் யுத்தத்தில் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் விரட்டப்பட்டு வந்து கரைத்தீவுப் பக்கம் குடியேறியவர்கள். வெள்ளிக்கிழமை அவர்களுடைய நாள். மற்றப் பாதி எத்தாளைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற கத்தோலிக்கர்கள். ஞாயிறு அவர்களுடைய நாள். திங்களிலிருந்து வியாழன்வரை பலருக்கு வேறு கூலி வேலைகளும் உண்டு; எல்லோரும் ஒன்றாக இருக்கிற ஒரே நாள் சனிக்கிழமை. நான் வந்து இரண்டு வாரத்தில் இதைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்றா சொன்னேன்? ஏதோ புதுத் தீவைக் கண்டுபிடித்த மாதிரித்தான் நடந்துகொண்டேன். பாரமான அள்ளுகை எல்லாவற்றையும் சனிக்கிழமைக்குத் தள்ளினேன். மூன்று நிறத்தில் ஒரு அட்டவணை அடித்துக் கொட்டிலில் ஒட்டினேன். வெள்ளிக்குப் பச்சை, ஞாயிறுக்கு நீலம், சனிக்கிழமைக்குக் கொழுத்த மஞ்சள். சிலாபத்தில் இருக்கிற முதலாளி அதைப் பார்த்துவிட்டு, படித்த பிள்ளை என்றால் இதுதான் என்றார். அந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டே மூன்று வருடம் பாண் சாப்பிட்டேன்.

மூன்றாம் வருடத்தில் அந்தோனி அண்ணன் வந்து, இனிச் சனிக்கிழமை வரமாட்டேன் என்றார்.

அந்தோனி அண்ணன் எத்தாளைக்காரர், அப்போது நாற்பதை எட்டிக்கொண்டிருந்தார். இங்கே தண்ணீர் பார்ப்பவர் அவர்தான். ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு மடை இருக்கிறது, மடையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பலகைகள் செருகியிருக்கும். மழை பெய்தால் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கும். மேல் பலகையை மட்டும் எடுத்து அதை வழியவிட்டால் கீழே படிந்த உப்புத் தப்பும். இரண்டாவது பலகையையும் எடுத்தால் உப்புத் தண்ணீரும் போய்விடும், மழை நேரே உப்பில் விழுந்து கரைக்கும். கேட்க லேசு. காற்று, மழையின் கனம், எந்தப் பாத்தி முதலில் என்பதெல்லாம் அந்த நிமிடத்தில் தீர்மானிக்க வேண்டியவை. அதற்கு எங்களிடம் இருந்தது அவர் ஒருவர்தான். அள்ளுகிற நாளில் அவர் மடையில் இல்லை என்றால் எனக்குக் கை இல்லாத மாதிரி.

அவர் பாலாவிச் சந்தியில் லொறிகள் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு வீட்டில் கூடுகிற சிறிய சபையில் சேர்ந்திருந்தார். அவர்கள் சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்திருப்பவர்கள். வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி சூரியன் மறையும்வரை வேலை இல்லை. அவர் இதை என்னிடம் கேட்கவில்லை, சொன்னார். தொப்பியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனாலும் சொன்னார்.

நான் முதலாளிக்கு அறிவித்தேன். அவர் சிங்களக் கத்தோலிக்கர். தமிழ் நன்றாகவே கதைப்பார். "நீயும் வேதக்காரிதானே. நீ பேசிப் பாரு. உனக்கு ஏலாட்டி சொல்லு, நான் வேற ஆள் பாக்கிறன்" என்றார். அந்தோனி அண்ணனுக்கு வேறு தொழில் இல்லை. கடலுக்குப் போவதை முதுகு வலியால் விட்டுவிட்டு வந்தவர். வீட்டில் மூன்று பிள்ளைகள்.

இந்த இடத்தில் நான் செய்த பிழையைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்குப் பயம் வரவில்லை. உற்சாகம் வந்தது. எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி நடத்துகிறவள் நான். தபால் மூலம் வேதபாடம் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். இந்தக் கேள்வியில் இரண்டு பக்க வாதங்களும் எனக்கு விரல் நுனியில். பேசித் தீர்க்கிறேன் என்று புறப்பட்டேன்.

மூன்று மதியம் கொட்டிலில் உட்கார்ந்து தர்க்கம் பண்ணினோம். முதல் நாள் பாதி நேரம் எண்ணிலேயே போனது. கத்தோலிக்கராக வளர்ந்த அவர் சின்ன வயதில் பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளை மூன்றாம் கட்டளை என்று மனப்பாடம் செய்தவர். புதிய சபையில் அதே கட்டளை நாலாவது. என் சபையிலும் நாலாவது. பெண்களின் அள்ளுகைக் குழுவுக்குத் தலைவியான நூர் ராத்தா பக்கத்தில் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார். மன்னாரிலிருந்து கைப்பிள்ளையாக வந்து கரைத்தீவில் வளர்ந்தவர். வாய்க்குப் பூட்டு இல்லை. "முதல்ல எத்தினையாவது எண்டு முடிவெடுத்திட்டு வாங்க. செய்யிறதா விடுறதா எண்டு பிறகு பாப்பம்" என்றார்.

அந்தோனி அண்ணனின் வாதம் நேரானது. பத்தில் ஒன்பதை வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் எப்படிக் கழிப்பது? களவெடுக்காதே என்பது பழசாகிப் போய்விட்டது என்று யாராவது சொல்கிறார்களா? மோசேக்குக் கற்பலகை கொடுப்பதற்கு எவ்வளவோ முன்பு, உலகம் உண்டான வாரத்திலேயே ஏழாம் நாள் பரிசுத்தமாக்கப்பட்டது. அப்போது யூதரும் இல்லை, கிறிஸ்தவரும் இல்லை. இயேசுவே ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போனார். அதை ஞாயிறுக்கு மாற்றுங்கள் என்று அவர் ஓரிடத்திலும் சொல்லவில்லை.

நான் அடுக்கினேன். அந்த நாள் கடவுளுக்கும் இஸ்ரவேலருக்கும் இடையில் ஓர் அடையாளம். யூதரல்லாதவர்கள் விசுவாசத்துக்கு வந்தபோது அவர்கள்மேல் எதைச் சுமத்துவது என்று அப்போஸ்தலர்கள் எருசலேமில் கூடித் தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானத்தில் ஓய்வுநாள் இல்லை. சாப்பாட்டைக் குறித்தும் நாட்களைக் குறித்தும் எவரும் உங்களைத் தீர்ப்பிட இடம்கொடுக்காதீர்கள், அவை நிழல்கள், நிஜம் கிறிஸ்துதான் என்று பவுல் எழுதினார். வேறொரு கடிதத்தில், ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், இன்னொருவன் எல்லா நாளையும் ஒரே மாதிரி எண்ணுகிறான், அவனவன் தன் மனதில் நிச்சயித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். ஞாயிறு மாற்றிவைக்கப்பட்ட ஓய்வுநாள் இல்லை என்பதில் நீங்கள் சொல்வது சரி, அண்ணன். அது உயிர்த்தெழுந்த நாளை நினைத்துக் கூடுகிற நாள், அவ்வளவுதான். ஆகையால் சனியும் கட்டாயம் இல்லை, ஞாயிறும் கட்டாயம் இல்லை. எந்த நாளும் இல்லை.

இன்றைக்கும் என் பதில் இதுதான். சோதனையில் கேட்டால் ஒரு வரி மாறாமல் எழுதுவேன். பிழை பதிலில் இல்லை.

மூன்றாம் நாள் அவர் வேதாகமத்தை மூடி, பொலித்தீன் பையில் போட்டுக் கட்டினார். "சரி மிஸ். சனிக்கிழமை வாறன்" என்றார். நான் முதலாளிக்குச் செய்தி அனுப்பினேன். அவர் பதிலுக்கு ஒரு பெருவிரல் படத்தை அனுப்பினார். எனக்கு அன்று பின்னேரம் கால் நிலத்தில் படவில்லை.

சனிக்கிழமை அவர் வந்தார். எல்லா மடையும் பார்த்தார், ஒரு பிழையும் இல்லை. மதியம் எங்களோடு சாப்பிட உட்காரவில்லை. என்ன மந்திரம் போட்டீர்கள் என்று நூர் ராத்தா கேட்டார். மந்திரம் இல்லை, விளங்கப்படுத்தினேன் என்றேன் பெருமையாக. "விளங்கப்படுத்தினீங்களா, லிஸ்டைக் காட்டினீங்களா?" என்றார். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன்.

வேலை முடிந்து கால் கழுவுகிற தொட்டியடியில் அந்தோனி அண்ணன் என்னிடம் வந்தார்.

"மிஸ், ஒண்டு சொல்லோணும். நீங்க சொன்னதை ஏத்துக்கொண்டு நான் வரேல்ல. பதில் சொல்லத் தெரியேல்ல, அதாலதான் வந்தனான்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க லிஸ்ட் எழுதிற ஆள். உங்களோட நான் எவ்வளவுக்குத் தர்க்கம் பண்ண ஏலும்? இண்டைக்கு முழுக்க எனக்குக் களவெடுத்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான். வாறன்."

வீட்டுக்குப் போய், பவுலின் கடிதத்தில் நான் அவருக்கு அடித்துச் சொன்ன அதே அதிகாரத்தைத் திறந்தேன். கடைசிவரை வாசித்தேன். அவனவன் நிச்சயித்துக்கொள்ளட்டும் என்பது அதன் மேல் பாதி. கீழ் பாதியில், சந்தேகத்தோடு செய்கிறவனுக்கு அது பாவம் என்று இருக்கிறது, செய்த காரியத்தில் குற்றம் இல்லாவிட்டாலும் கூட. உன் சுதந்திரத்தால் உன் சகோதரனை இடறவைக்காதே என்றும் இருக்கிறது. இதைப் பலமுறை வாசித்தவள்தான் நான். வேலைக்கு உதவிய பாதியை மட்டும் கொட்டிலுக்குக் கொண்டுபோயிருந்தேன்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. எந்த நாளும் கட்டாயமில்லை என்று மூன்று மதியம் வாதாடிய நான், மூன்று வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குக்கூட என் பெயரை எழுதவில்லை. பச்சையும் நீலமும் கேள்வியில்லாமல் கிடைத்தன, ஏனென்றால் அவை கூட்டமாக வந்தன. அந்தோனி அண்ணன் தனி ஆளாக வந்தபடியால் அவரிடம் மட்டும் வேத ஆதாரம் கேட்டேன்.

திங்கட்கிழமை காலையில் போய், சனிக்கிழமை உங்களுடைய நாள் என்றேன். அவர் சந்தேகமாகப் பார்த்தார். "பாவம் பாத்துத் தர வேணாம், மிஸ்."

"பாவம் பாக்கேல்ல. எனக்குத் தண்ணி பாக்கப் பழக்குங்க."

சிரித்துவிட்டார். நான் உவர்ப்பை அளக்கிற கருவியோடு பாத்திக் கரையில் நடப்பேனே தவிர, பலகையில் கை வைத்ததில்லை. நாலு நாள் பழக்கினார். மேல் பலகை, மேல் பலகை, மேல் பலகை மட்டும் என்று நூறு தரம் சொன்னார். என் நகங்கள் உடைந்தன. பலகை உப்பில் ஊறி இறுகியிருக்கும். இழுத்தால் ஒன்று வராது, அல்லது இரண்டு சேர்ந்து வரும்.

வியாழக்கிழமை மழை வரும் என்ற அறிவிப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குத்தான், ஆனாலும் வரும். பாத்திகளில் உப்பு நல்ல கனமாகப் படிந்திருந்தது; அந்தப் போகத்தின் பெரிய அள்ளுகை அது. முதலாளி தொலைபேசியில் அழைத்தார். சனிக்கிழமை எல்லோரும், அந்தோனி மடையில் என்றார். போன கிழமை வந்தவர்தானே என்று நினைத்திருப்பார். எனக்குப் பொய் சொல்ல ஒரு நிமிடம் ஆசை வந்தது. ஓம் என்று சொல்லிவிட்டு என் பாட்டுக்குச் செய்யலாம். செய்யவில்லை. அந்தோனி வரமாட்டார், மடையை நான் பார்க்கிறேன், அள்ளுகையை வெள்ளிக்கிழமையே தொடங்குகிறேன் என்றேன்.

"உப்புப் போனா நீயும் போ, அந்தோனியும் போவான்" என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமையை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நூர் ராத்தாவிடம் போனேன். மூன்று வருடமாகப் பச்சை நிறத்தில் நானே கொடுத்த நாள். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஜும்ஆ முடிஞ்சா வேலைக்குப் போகச் சொல்லித்தான் எங்களுக்கு இருக்கு. ஆம்பிளைகள்தான் பிரியாணியத் திண்டிட்டுப் படுக்கிற. இவ்வளவு நாளும் நீங்க கேட்டதே இல்லையே" என்றார். கேட்டதே இல்லை, உண்மைதான். பெண்கள் காலையிலேயே இறங்கினார்கள். ஆண்கள் தொழுகை முடிந்து இரண்டு மணிக்கு வந்தார்கள். எத்தாளைப் பெண்களோ தேவைப்பட்டால் ஞாயிறு முதல் பூசை முடித்து நேரே வருகிறோம், பாதரிடம் நாங்களே சொல்கிறோம் என்றார்கள். அந்தோனி அண்ணன் வெள்ளி சூரியன் சரியும்வரை மடையில் நின்றார். போகும்போது ஒவ்வொரு பலகையையும் இளக்கி, எனக்கு எடுக்க லேசாக வைத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மதியத்துக்குள் பெரும்பகுதி அள்ளிக் குவித்தாயிற்று. கடலேரியான களப்பின் ஓரமாகக் கடைசி வரிசையில் ஆறு பாத்திகள் மிச்சம். இரண்டு மணிபோலத் தென்மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று சட்டென்று விழுந்தது. நாள் முழுக்கச் சட்டையை இழுத்துக்கொண்டிருந்த காற்று நின்றதும் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். களப்புக்கு மேலே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அறிவிப்பில் சொன்ன ஞாயிறு, சனிக்கிழமையே வந்துவிட்டது.

நூர் ராத்தா குவியல்களை மூடப் படங்குகளை இழுக்கச் சொல்லிக் கத்திவிட்டு என்னிடம் ஓடிவந்தார். "போனை எடுங்க. பாலாவிதானே. சைக்கிள்ல வந்தாலும் வந்திருவார்."

போன் கையில்தான் இருந்தது. அவருடைய பெயரும் திரையில் இருந்தது.

"உங்கட வேதத்தில ஆபத்துக்கு ஒரு விலக்கும் இல்லையா?" என்றார் ராத்தா.

இருக்கிறது. ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கிவிடாதவன் யார் என்று இயேசு கேட்டிருக்கிறார். அந்த இடமும் எனக்கு விரல் நுனியில்தான். ஆனால் மாட்டுக்கு உயிர் இருக்கிறது. கிணற்றில் கிடந்து கத்தும். இது உப்பு. இது முதலாளியின் கோபம், என் வேலை. அதோடு, அந்த விலக்கை எடுப்பதா இல்லையா என்பது அவருடைய தீர்மானம். நான் எடுத்து அவர் கையில் கொடுத்தால் மறுபடியும் லிஸ்ட் எழுதுகிற ஆள் பேசுகிற பேச்சாகத்தான் அது இருக்கும். நான் கூப்பிட்டால் அவர் வருவார் என்று நினைத்தேன். அதனால்தான் கூப்பிடவில்லை. போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு மடைக்கு இறங்கினேன்.

பெரிய துளிகளாக விழத் தொடங்கியது. முதல் பாத்தியில் பதற்றத்தில் இழுத்தேன், இரண்டு பலகையும் சேர்ந்து வந்தன. திருப்பிச் செருகுவதற்குள் உப்புத் தண்ணீர் முழுதும் வாய்க்காலுக்குப் போய்விட்டது. இரண்டாவதிலும் அதே பிழை. இரண்டு பாத்தியின் உப்பும் என் கண் முன்னாலேயே கறுத்துக் கரைந்தது. மூன்றாவதில் நூர் ராத்தா சேற்றில் முழங்காலில் இருந்து கீழ்ப் பலகையை அழுத்திப் பிடித்தார். நான் மேல் பலகையை மட்டும் எடுத்தேன். மேல் தண்ணீர் மெல்லிசாக, விளிம்பில் வழிந்தது. நாலாவது, ஐந்தாவது, ஆறாவது எல்லாம் அப்படியே. அரை மணித்தியாலம் அடித்துவிட்டு மழை விட்டது.

சூரியன் மறைந்த கையோடு அந்தோனி அண்ணன் வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், கூட்டத்திலிருந்து நேரே வந்திருக்கிறார். காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு ஆறு பாத்தியையும் சுற்றிப் பார்த்தார்.

"இது ரெண்டும் போச்சு. மற்ற நாலும் நிக்குது" என்றார். பிறகு, "ரெண்டாம் பலகையில கை வச்சீங்களா?"

"ஓம்."

"சொன்னனான்தானே."

"சொன்னீங்க."

"ஏன் எனக்கு எடுக்கேல்ல, மிஸ்? இருட்டிக்கொண்டு வரேக்க போனைப் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

"எடுத்தா வந்திருப்பீங்க."

"வந்திருப்பனோ எண்டு எனக்கே தெரியாது" என்றார். சொல்லிவிட்டு வெள்ளைச் சட்டையோடேயே வரம்பில் இறங்கி, நான் கோணலாகச் செருகியிருந்த பலகைகளைச் சரிபண்ணத் தொடங்கினார்.

திங்கட்கிழமை முதலாளி வந்தார். படங்கு மூடிய குவியல்களைப் பார்த்தார், கரைந்த இரண்டு பாத்தியையும் பார்த்தார். பட்டியலை எழுதியது நான், பலகையை இழுத்தது நான், அந்தோனிக்கு இதில் பங்கில்லை என்று அவர் கேட்க முன்னமே சொன்னேன். அந்தோனி அண்ணன் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

முதலாளி என்னைப் பார்த்து, "நீ படிச்ச பிள்ளை. சொல்லு. வேதக்காரருக்கு சனிக்கிழமை கட்டாயமா?" என்று கேட்டார்.

"இல்லை. என்ட வாசிப்பில கட்டாயம் இல்லை."

"பின்ன?"

"அவருக்குக் கட்டாயம். அது அவருக்கும் கடவுளுக்கும் இடையில. அதுக்குள்ள நான் லிஸ்டைக் கொண்டுபோக மாட்டன், சேர். அவரை அனுப்பிறதெண்டா என்னையும் அனுப்புங்க. வியாழக்கிழமை நீங்கதான் அப்பிடிச் சொன்னீங்க."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சனிக்கிழமை தண்ணி ஆர் பாக்கிற?"

"நான்."

"ரெண்டு பாத்தியக் கரைச்ச ஆள்."

"ஓம். பழகிறன்."

"மழைக் காலத்துக்கா?"

"வருசம் முழுக்க."

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டு வாகனத்தில் ஏறினார். சரி என்ற அர்த்தமா, போதும் என்ற அர்த்தமா என்று நான் கேட்கவில்லை. நீங்களும் இந்த மாதிரி இடங்களில் கேட்காதீர்கள். அன்று பின்னேரமே மூன்று நிற அட்டவணையைக் கிழித்தேன். அள்ளுகை நாளைப் புதன்கிழமைக்கு மாற்றினேன். மூன்று வருடமாக எனக்கு முடியாது என்று தோன்றிய மாற்றத்துக்கு ஒரு பின்னேரம் போதுமாயிருந்தது. ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நாலு வருடமாகச் சனிக்கிழமைத் தண்ணீர் என்னுடையது. கூடப் படித்தவர்களின் கல்யாணங்களுக்கெல்லாம் பின்னேரம்தான் போயிருக்கிறேன், அதுவும் நகத்துக்குள் சேற்றோடு. இடையில் ஒரு தரம் அரைப் பாத்தி போனது. அதை ஒளிக்கவில்லை.

நானும் அந்தோனி அண்ணனும் இன்னும் தர்க்கம் பண்ணுகிறோம். ஆனால் கொட்டிலில் இல்லை, வேலை நேரத்தில் இல்லை. எப்போதாவது பாலாவிச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, அதுவும் அவர் தொடங்கினால் மட்டும். போன மாதம் ஒரு கேள்வி கேட்டார். எந்த நாளும் கட்டாயம் இல்லை என்று விட்டால், கூலிக்காரனுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லி முதலாளிமாருக்கு ஆர் கட்டளையிடுகிறது என்று. அந்தக் கட்டளையில் வேலைக்காரனும் வேலைக்காரியும் மாடும்கூட எழுதப்பட்டிருக்கிறார்கள், மிஸ், உங்கட பவுல் அவங்களுக்கு என்ன வைச்சிருக்கிறார் என்றார். பஸ் வந்துவிட்டது. இருந்த வாதங்களை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டேன், பதில் இன்னும் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பட்டியலில் ஒரு எழுத்து மாறாது.

உங்களுக்கும் இப்படி ஒருவர் வருவார். வேறு நாளோ, வேறு நேரமோ, நீங்கள் கேள்விப்படாத வேறு எதையோ கொண்டு வருவார். நீங்கள் அவரைவிடக் கூடப் படித்திருப்பீர்கள், உங்கள் வாதமே சரியாகவும் இருக்கும். அந்த நேரத்தில் உங்கள் கையில் பேனா இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பேனாவோடு வாதத்தில் வெல்வது பெரிய காரியமே இல்லை. அவருடைய வேலையை முதலில் பத்திரப்படுத்துங்கள். உங்களிடம் முடியாது என்று சொன்னாலும் தனக்கு ஒன்றும் ஆகாது என்ற உறுதி அவருக்கு வந்த பிறகு, விருப்பமானால் கதையுங்கள்.

பட்டியல் மேசையில் இருக்கிறது. சனிக்கிழமை, மடை என்ற கட்டத்தில் இன்னும் என் பெயர்தான். அதை வெட்டிவிட்டு உங்கள் மூவரில் ஒருவர் தன் பெயரை எழுத வேண்டும். யார் என்று நான் சொல்லப்போவதில்லை. எழுதிவிட்டு, திங்கட்கிழமை காலையில் அந்தோனி அண்ணனிடம் போய்த் தண்ணீர் பார்க்கப் பழக்கச் சொல்லுங்கள்.